பஸ்ரா எவ்வளவு தூரம்

கரீமுல்லாவை நடு அறையில் கிடத்தியிருந்தார்கள். கட்டிலுக்கு அடியில் இரண்டு தொட்டிகளில் ஐஸ் கட்டிகளை வைத்து மேலே மரத்தூள் போட்டிருந்தார்கள். யுத்தம் முடிந்த பிறகு வந்த இரண்டாவது கோடை அது. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய அந்தச் சந்தில் காலை எட்டு மணிக்கே தார் வாசனை எழும்பிவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் லஸ் முனையிலிருந்த தன் தையல் கடையில், ஒரு சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தவர், ஊசியைக் காலரில் குத்திவிட்டு அப்படியே மிஷின் மேல் சாய்ந்தார். அவ்வளவுதான். அந்தச் சட்டையையும் அவரோடு சேர்த்தே யாரோ வீட்டுக்குக் கொண்டுவந்து ஆணியில் மாட்டியிருந்தார்கள்.

ஷகீலாவுக்கு அழுகை வரவில்லை. கரீமுல்லாவின் மகள், பதினெட்டு வயது. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்த பிறகு காதில் தண்ணீர் அடைத்துக்கொள்ளுமே, அந்த மாதிரி எல்லாச் சத்தமும் தூரத்திலிருந்து வந்தது. வேறு தேசத்துக் கதைகளை நிறையப் படிக்கிற பெண். தமிழில் மொழிபெயர்த்து வருகிற தடித் தடிப் புத்தகங்களை இரவல் வாங்கி, அடுப்படியில் உட்கார்ந்து வாசிப்பாள். அவற்றில் ஒருவர் இறந்தால் வெளியே பனி பெய்யும். குதிரை வண்டி வரும். யாராவது ஜன்னல் பக்கம் போய் நிற்பார்கள். இங்கே ஜன்னலில் காக்கை ஒன்று உட்கார்ந்து ஐஸ் உருகிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ராத்திரியே பஸ்ராவுக்கு அடித்த தந்திக்குப் பதில் ஒன்பது மணி வாக்கில் வந்தது. வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்த ஆண்களில் யாருக்கும் இங்கிலீஷ் சரியாக வராது. சித்தப்பா வலியுல்லா அதை வாங்கி, பெண்கள் இருந்த திரைக்கு இந்தப் பக்கம் நீட்டினார். அவரும் தையற்காரர், அதே கடையில் துணி வெட்டுகிறவர்.

"படிம்மா, இன்னா எழுதிக்கிறான்?"

ஷகீலா படித்தாள். "விடியற்காலை விமானத்தில் கிளம்புகிறேன். காத்திருங்கள். ஹபீப்."

ஹபீபுர் ரஹ்மான் அவளுடைய அண்ணன். பஸ்ராவில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. அத்தாவுக்கு மார்வலி வந்து ஆறு மாதம் ஆகியும் அவனுக்கு அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. "பிள்ளை பயந்துக்கினு வேலையை விட்டுட்டு வந்துடுவான், எழுதக் கூடாது" என்று கரீமுல்லா சொல்லிவிட்டார். அம்மா நஸ்ருன்னிசா தலையாட்டினாள். ஷகீலாதான் கடிதம் எழுதுகிறவள். 'இங்கு எல்லோரும் சுகம்' என்று ஒவ்வொரு தடவையும் அம்மா சொல்லச் சொல்ல எழுதினாள்.

இப்போது அம்மா திரைக்குள்ளிருந்து சொன்னாள். "காக்க வைங்க தம்பி. நோவுன்னுகூட அவனுக்குச் சொல்லல நானு. முகத்தையாவது அவன் பார்க்கணும்."

அவள் குரலில் கெஞ்சல் இல்லை. ஜாக்கெட்டுக்கு எத்தனை கஜம் என்று சொல்வது போலச் சொன்னாள்.

வெளியே பெஞ்சில் இருந்த ஹஜ்ரத் குலாம் முகம்மது தொண்டையைச் செருமினார். பள்ளிவாசலில் தொழவைப்பவர். கரீமுல்லாவோடு ஒன்றாகப் பட்டம் விட்டவர். "வலியுல்லா, நான் கல் நெஞ்சுக்காரன் இல்ல. ஆனா மையித்தை ஒரு ராத்திரி வச்சதே அதிகம். அடக்கத்தைத் தள்ளிப் போடக் கூடாது. இன்னும் எவ்ளோ நேரம்னு தெரிஞ்சா ஜமாத்துல சொல்லலாம். சாயங்காலத்துக்குள்ள வந்துடுவான்னா வைப்போம். நாளைக்குன்னா வேணாம்."

"விமானம்னா பறந்து வந்துடாதா?" என்றார் யாரோ.

"பறந்துதான் வரும். நீ இன்னா, நடந்து வரும்னா நெனச்சே?" என்றார் வலியுல்லா. பிறகு திரைப் பக்கம் திரும்பி, "ஷகீலா, பஸ்ரா எவ்ளோ தூரம்மா?"

"ஈராக்குல இருக்கு சாச்சா."

"எங்க கீதுன்னு கேக்கல. எவ்ளோ தூரம்? மைல் கணக்குல. அண்ணனோட மேப் புஸ்தகம் இருக்கே, அதைப் பார்த்துச் சொல்லு. மணிக்கு இருநூறு மைல் போவுதுன்னு பேப்பர்ல போட்டிருந்தான். மிச்சத்தை நாங்க பார்த்துக்குறோம்."

ஷகீலா அலமாரியிலிருந்து அண்ணனின் பள்ளிக்கூட அட்லஸை எடுத்தாள். ஆசியாக் கண்டம் ஒரு பக்கம் முழுக்க விரிந்திருந்தது. கீழ் மூலையில் அளவு: ஓர் அங்குலத்துக்கு ஐந்நூறு மைல். மதராஸ், கரையோரம் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. பஸ்ரா, பாரசீக வளைகுடாவின் உச்சியில் இன்னொரு புள்ளி. இரண்டு புள்ளியையும் எது தொடும் என்று தேடினாள். ஸ்கேல் அகப்படவில்லை. ஆணியில் தொங்கிய சட்டையின் காலரில் அத்தா குத்தி வைத்த ஊசி நூலோடு இருந்தது. அதை உருவினாள். மதராஸ் புள்ளியில் ஊசியை நிமிர்த்திக் குத்தினாள். நூலை இழுத்துப் பிடித்து மேற்கே கொண்டுபோனாள். அரபிக் கடல், பாரசீகக் கரை. பஸ்ராவில் நகத்தால் அழுத்திப் பல்லால் கடித்து வெட்டினாள். ஊசியை எடுத்துப் புடவைத் தலைப்பில் குத்திக்கொண்டு, நூலை மட்டும் அத்தாவின் அளவு நாடாமேல் நீட்டி வைத்தாள்.

அவள் கைகள் இதையெல்லாம் தாமாகவே செய்தன. அவள் வேடிக்கை பார்த்தாள்.

ஒன்பதரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே.

"நாலாயிரத்து எண்ணூறு மைல், சாச்சா."

வெளியே வலியுல்லா விரலை மடக்கினார். "இருபத்து நாலு மணி நேரம். பஜருக்குக் கிளம்பினான்னா நாளைக்கு பஜருக்குத்தான் வருவான்." பஜர் என்றால் விடியற்காலைத் தொழுகை, அந்த வீட்டில் பாதி நேரத்தைத் தொழுகைகளால்தான் சொல்வார்கள்.

"அவ்ளோ தூரமா?" என்று ஹஜ்ரத் கேட்டார்.

"கப்பல்லயே எத்தனை நாள் ஆச்சு அவன் போய்ச் சேர. சரியாத்தான் இருக்கும்."

ஹஜ்ரத் எழுந்தார். "அப்போ மத்தியானம் லுஹர் தொழுதுட்டு எடுத்துடலாம். நஸ்ருன்னிசாகிட்ட நீயே சொல்லு."

சொல்லத் தேவையில்லை. திரை ஒரு முழம் தூரத்தில்தான் இருந்தது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அத்தனை தூரத்துலயா இருந்தான் அவன்" என்று மட்டும் சொன்னாள்.

குளிப்பாட்டினார்கள். வெள்ளைத் துணி சுற்றினார்கள். முகத்தை மட்டும் திறந்து வைத்து, பெண்களை வரிசையாகப் பார்க்கவிட்டார்கள். ஷகீலா தன் முறை வந்தபோது பார்த்தாள். பிறகு துணியை மூடிச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். சந்து முனை திரும்பும்வரை கலிமாச் சத்தம் கேட்டது. பிறகு டிராம் மணி கேட்டது.

வீட்டில் பெண்கள் உட்கார்ந்து புளியங்கொட்டைகளை எண்ணி ஓத ஆரம்பித்தார்கள். சித்தப்பாவின் மனைவி அமீனா பீதான் இப்போது வீட்டை நடத்துகிறவள். தொட்டிகளைக் கவிழ்க்கச் சொன்னாள், மரத்தூளைப் பெருக்கச் சொன்னாள். கடைக்குக் காஜா எடுத்துத் தருகிற தேவானை பெருக்கினாள். அவள் கால்வாய் ஓரத்துக் குடிசைக்காரி. காலையிலிருந்து யாரும் சொல்லாமலேயே வந்து நின்றவள்.

"அந்தப் புஸ்தகத்தை எடுத்து வையேன்மே. தண்ணி பட்டுடப் போவுது" என்றாள் ஷகீலாவிடம்.

ஷகீலா அட்லஸை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஆசியா திறந்தே இருந்தது. அதன்மேல் அந்த நூல் வளைந்து கிடந்தது. எதற்கென்று இல்லாமல் நூலின் ஒரு முனையை மதராஸ்மேல் வைத்து நீட்டினாள். நூல் பஸ்ராவுக்குப் போனது. அங்கே நிற்கவில்லை. பாலைவனத்தைக் கடந்தது, கருங்கடல் ஓரமாகப் போனது, பெயர் தெரிந்த ஊர்கள்மேல் ஏறியது. அந்த ஊர்களில் அவள் வாசித்தபடியே பல மாதங்கள் இருந்திருக்கிறாள். எந்தத் தெருவில் வாடகை அதிகம், எந்தப் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். நூல் கடைசியில் பக்கத்தின் விளிம்பைத் தாண்டி அவள் முழங்காலில் விழுந்தது.

அவள் நூலைப் பார்த்தாள். நடுவில் ஒரு மடிப்பு இருந்தது. ஊசிக் காதில் மாட்டியிருந்த இடம்.

பொத்தான் வைக்க யாரும் ஒற்றை நூல் கோக்க மாட்டார்கள். இரட்டையாகத்தான் கோப்பார்கள். அத்தாவும் அப்படித்தான் கோத்திருந்தார். அவள் இரண்டு இழையையும் சேர்த்துப் பிடித்து மதராஸிலிருந்து பஸ்ரா வரை அளந்தாள், சேர்த்தே வெட்டினாள், ஊசியை உருவியதும் நூல் ஒற்றையாகப் பிரிந்து இரண்டு மடங்கு நீண்டுவிட்டது. நாடாவில் வைத்தது அந்த நீளத்தை.

மடிப்பில் மடித்து மறுபடி வைத்தாள். பஸ்ராவில் மிகச் சரியாக முடிந்தது.

தனக்குப் பதற்றம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. எழுந்து அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, தப்பா அளந்துட்டேன். பாதிதான் தூரம். ரெண்டாயிரத்து நானூறு."

நஸ்ருன்னிசா ஓதுவதை நிறுத்தவில்லை. அந்த ஒரு சூராவை முடித்துவிட்டுக் கேட்டாள். "அப்போ எத்தனை மணிக்கு வருவான்?"

"பன்னண்டு மணி நேரம். அஞ்சு மணி, சாயங்காலம்."

"இப்போ?"

"ரெண்டு அடிச்சிருச்சு."

"போ."

அமீனா பீ நிமிர்ந்தாள். "எங்க போ? கபர்ஸ்தானுக்கா? வயசுப் பொண்ணு, ஆம்பளைங்க கூடி நிக்கிற எடத்துக்கா? இன்னா பேசுறீங்க அக்கா?"

"நான் போக முடியாது. இத்தாவுல உட்கார்ந்துட்டேன், புருஷன் போனவ வாசல் தாண்டக் கூடாது. நீ போறியா?"

அமீனா பீ புளியங்கொட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவ வாசல்ல நின்னுக்கட்டும் பீபிம்மா" என்றாள் தேவானை, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து. "உள்ள நான் போறேன். என்னை யாரு இன்னா சொல்லப் போறாங்க? எனக்கு உங்க சட்டமும் இல்ல, எங்க சட்டமும் இல்ல."

சந்து முனையில் ரிக்ஷா கிடைத்தது. இழுக்கிறவன் நாகராஜ், தேவானையின் பேட்டைக்காரன். ஷகீலா புர்காவைச் சுருட்டிக்கொண்டு ஏறினாள். தேவானை வண்டிக்குப் பக்கத்தில் ஓடினாள்.

"ராயப்பேட்டை கபர்ஸ்தான். சீக்கிரம் போ நைனா."

"ஏரோப்ளேன் கணக்கா போவச் சொல்றியா? வெயிலு மண்டையப் பொளக்குது."

"ஏரோப்ளேனு வருதுன்னுதான் போறோம். பேசாம இழு."

"இன்னா விஷயம்?"

"டெய்லர் பாய் மவன் வானத்துல வந்துக்கினு கீறான். அவன் எறங்கறதுக்குள்ள அப்பனப் பொதைச்சுடுவாங்க போல."

நாகராஜ் குனிந்து வேகத்தைக் கூட்டினான். அவன் கால்கள் தாரில் ஒட்டிப் பிரியும் சத்தம் மட்டும் கேட்டது. ஷகீலா வண்டியின் கூரைத் துணிக்குக் கீழிருந்து தெருவைப் பார்த்தாள். ஒரு பெண் ரயிலைப் பிடிக்க ஓடுகிற அத்தியாயம் ஒன்றை எப்போதோ படித்திருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு நெஞ்சு படபடக்கும், கையுறை தவறி விழும். தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சாதாரணமாகத்தான் அடித்தது.

கபர்ஸ்தானின் சுவர் இடுப்புயரம். உள்ளே வேப்பமரத்துக்குக் கீழே சந்தூக்கை இறக்கி வைத்திருந்தார்கள். குழி தயாராக இருந்தது. இரண்டு பேர் அதில் இறங்கி நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வலியுல்லா பாய்! நிறுத்துங்க!" என்று தேவானை சுவரைச் சுற்றாமல் ஏறிக் குதித்தே போனாள்.

ஆண்கள் திரும்பினார்கள். வலியுல்லா ஓடி வந்தார். பின்னால் ஹஜ்ரத்.

"வீட்டுல யாருக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல சாச்சா." ஷகீலா சுவருக்கு வெளியே நின்றபடி நூலை நீட்டினாள். "இது பொத்தான் ஊசியோட நூல். ரெட்டை. நான் பிரிச்சு அளந்துட்டேன்."

வலியுல்லா நூலை வாங்கினார். நடுவிலிருந்த மடிப்பைக் கண்டதும் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. விரலில் சுற்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி மெதுவாக, "உங்கத்தா இருந்தா கை மேலேயே ரெண்டு போட்டிருப்பாரு" என்றார். பிறகு ஹஜ்ரத்திடம், "பாதிதான் தூரமாம். அஞ்சு மணிக்கு வந்துடுவானாம்."

ஹஜ்ரத் ஷகீலாவைப் பார்த்தார். "நடுவுல நிக்காதாம்மா அது? எண்ணெய் ஊத்த வேணாமா?"

"நிக்கும் ஹஜ்ரத். கராச்சியில, பம்பாயில. எவ்ளோ நேரம்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்றியே, அது நல்லது." அவர் தாடியைத் தடவினார். வெயிலைப் பார்த்தார். சந்தூக்கைப் பார்த்தார். "தொழுகை முடிச்சாச்சு. தூக்கிட்டும் வந்தாச்சு. இதுக்கு மேல வைக்கறது சரியில்ல. இருந்தாலும் நஸ்ருன்னிசா கேட்டுட்டா. பொழுது சாஞ்சு மக்ரிப் பாங்கு வரைக்கும். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

குழியில் நின்ற இருவரும் ஏறி வந்தார்கள். ஒருவன், "செத்தவரைவிட நம்மள நல்லா காய வைக்கிறாங்கப்பா" என்று முணுமுணுத்து பீடி பற்றவைத்தான். கடையில் வேலை செய்கிறவன் ஒருவனை வலியுல்லா சைக்கிளில் மீனம்பாக்கத்துக்கு அனுப்பினார். பையன் இறங்கினதும் டாக்ஸியில் ஏற்றி நேரே இங்கே கொண்டுவர வேண்டும். வராவிட்டால் அங்கேயே நிற்க வேண்டும்.

சந்தூக்கை மர நிழலுக்கு நகர்த்தினார்கள். நிழல் நகர நகர அதையும் நகர்த்தினார்கள். ஈரத் துணி போர்த்தினார்கள். நாகராஜ் கூலி வாங்காமல் போய், எங்கிருந்தோ ஒரு துண்டு ஐஸைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான். அது வருவதற்குள் பாதியாகியிருந்தது.

ஷகீலா சுவருக்கு வெளியே, வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். தேவானை கீழே உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

"அவ்ளோ உசரத்துல பயமா இருக்காதாமே?"

"தெரியல தேவானக்கா."

"இப்போ எங்க இருப்பான்?"

ஷகீலா மனசுக்குள் நூலைப் பிடித்துப் பார்த்தாள். "கடலுக்கு மேல."

"கீழ பார்ப்பானா?"

"பார்ப்பான்."

ஆண்களில் சிலர் வேலைக்குப் போய்விட்டார்கள். போகும்போது ஒவ்வொருவரும் வலியுல்லாவின் தோளைத் தொட்டார்கள். அஸர் தொழுகைக்கு அங்கேயே வரிசை நின்றார்கள். ஐந்து மணி ஆகியிருக்கும். அதற்குப் பிறகு நேரம் தடித்துப்போனது. தெருவில் கார் ஹாரன் கேட்டால் எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். ஒருமுறை ஒரு கார் நின்றது. அதிலிருந்து இறங்கிய ஆள் வேறு தெருவுக்கு வழி கேட்டான்.

பிறகு விமானச் சத்தம் வந்தது.

முதலில் தேவானைக்குத்தான் கேட்டது. எழுந்து நின்றாள். தென்மேற்கில், தாழ்வாக, சாயங்கால வெயிலில் ஒரு வெள்ளிப் புள்ளி. அது மீனம்பாக்கம் பக்கமாகச் சாய்ந்து இறங்கியது. கபர்ஸ்தானில் இருந்த எல்லோரும் முகத்தை உயர்த்தியிருந்தார்கள். ஹஜ்ரத்தும். வலியுல்லா ஷகீலாவின் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். அவளும் உயர்த்தினாள்.

"பாத்தியா! நூல் புடிச்சாப்பல வந்துட்டான் உங்கண்ணன்" என்றாள் தேவானை. அழுதாள்.

மீனம்பாக்கத்திலிருந்து டாக்ஸி வர அரை மணி. பெட்டி இறக்க, வாசல் கடக்க இன்னும் கொஞ்சம். வலியுல்லா தோளில் துண்டைச் சரி செய்துகொண்டு தெருவின் நடுவிலேயே போய் நின்றார். வண்டிகள் அவரைச் சுற்றிப் போயின. மயிலாப்பூர்ப் பக்கத்து டிராம் போனது. ஒரு பால்காரன் போனான். தெரு விளக்கு ஏற்றுகிறவன் வந்துவிட்டுப் போனான்.

காற்று கடலிலிருந்து திரும்பியபோது ஷகீலாவுக்கு அந்த வாடை வந்தது. அத்தரும் கற்பூரமும்தான். அவற்றுக்கு அடியில் வேறொன்று. சந்தூக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக, யாரும் யாரையும் பார்க்காமல், சுவரின் இந்தப் பக்கத்துக்கு நகர்ந்திருந்தார்கள். ஹஜ்ரத் மட்டும் நகரவில்லை. மூக்கின் அருகே துண்டை வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தார்.

வலியுல்லா வந்தார். அவர் முகம் கறுத்திருந்தது.

"பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம் கீது. அந்த ப்ளேன்ல வந்திருக்கலாம், வழியில இருக்கலாம். இல்ல, இன்னும் கராச்சியிலயே இருக்கலாம். எனக்கு ஒண்ணும் புரியலம்மா. அண்ணிக்கு நான் இன்னா பதில் சொல்வேன்? நீ சொல்லு. நீதான் அளந்தவ, உன்னைத்தான் அண்ணி அனுப்பினாங்க. பாங்கு வரைக்கும் பார்ப்போமா?"

ஷகீலா வாசலைப் பார்த்தாள். தெரு காலியாக இருந்தது. புத்தகங்களில் இந்த இடத்தில் ஒரு வண்டி வரும்.

"அத்தா சட்டையில வேர்வை பட்டாலே மாத்திக்குவாரு சாச்சா" என்றாள். "இப்படி வைக்க வேணாம். எடுத்துடுங்க."

வலியுல்லா திரும்பி நடந்தார். பீடிக்காரன் குழியில் இறங்கினான். ஷகீலா ரிக்ஷாவின் கூரைத் துணியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். மண் விழும் சத்தம் கேட்டது. மூன்று மூன்று கைப்பிடியாக, பலமுறை. பிறகு மண்வெட்டிச் சத்தம். அது பாதியில் இருக்கும்போது பாங்கு ஒலித்தது.

வீட்டில் அம்மா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு சிம்னி விளக்கு.

"பார்த்தானா?"

"இல்லம்மா. வரல. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு புர்காவில் ஒட்டியிருந்த வேப்பஞ்சருகு ஒன்றை எடுத்துக் கீழே போட்டாள். "கால் கழுவிக்கினு வா" என்றாள்.

ஹபீபுர் ரஹ்மான் மறுநாள் பிற்பகலில் வந்தான். சைக்கிளில் போனவன் இரவெல்லாம் மீனம்பாக்கத்தில் காத்திருந்து அவனைக் கூட்டிவந்தான். டாக்ஸி சந்துக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நிற்க, சட்டையெல்லாம் கசங்கி, ஒரு சின்னப் பெட்டியோடு நடந்து வந்தான். இளைத்திருந்தான். வலியுல்லா வாசலிலேயே அவனைக் கட்டிக்கொண்டார். இருவருமாக நேரே கபர்ஸ்தானுக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது அவன் கால்சட்டையின் முழங்கால்களில் சிவப்பு மண் இருந்தது.

அம்மாவின் முன்னால் உட்கார்ந்தான். அவள் அவன் தலையில் கை வைத்தாள். எடுக்கவில்லை.

"எத்தனை மணி வரைக்கும் வச்சிருந்தீங்க?" என்று கேட்டான்.

"மக்ரிப் வரைக்கும்" என்றாள் ஷகீலா. "அஞ்சு மணிக்கு வந்துடுவேன்னு கணக்குப் போட்டோம். பஜருக்குக் கிளம்பினா பன்னண்டு மணி நேரம்னு."

"எந்த பஜர்?" என்றான் ஹபீப், களைப்போடு. "அங்க பஜர் ஆவறப்போ இங்க வெயில் ஏறிடும். ரெண்டரை மணி நேரம் வித்தியாசம். அப்புறம் கராச்சியில எறக்கிட்டாங்க. ராத்திரி பம்பாய்க்குப் பறக்க மாட்டானாம். பெஞ்சுல உட்கார வச்சுட்டான். நேத்து மக்ரிப்புக்கு நான் அந்த பெஞ்சுலதான் இருந்தேன்."

வலியுல்லா ஷகீலாவைப் பார்த்தார். இந்த உலகத்தில் பஜர் ஒரே நேரத்துக்கு வருவதில்லை என்பது அவருக்கு இதுவரை தோன்றியதில்லை. அவளுக்கும்தான்.

"மேல இருக்கறப்போ ஒண்ணுமே நகரலம்மா" என்றான் ஹபீப். "கீழ கடல். அதே கடல். ரெக்கை அசையல. மணிக்கு இருநூறு மைல்னு பக்கத்துல இருந்தவன் சொன்னான். எனக்கு, ஒரே எடத்துல தொங்க விட்டுட்டாங்கன்னு தோணிச்சு."

பக்கத்து வீட்டிலிருந்து வந்த சாப்பாடு மூடியபடியே இருந்தது. அமீனா பீ தட்டை நகர்த்தி வைத்தாள், அவன் தொடவில்லை. முழங்கால் மண்ணைத் தட்டாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு தங்கையிடம், கேட்கக் கூடாததைக் கேட்பது போல் மெல்லக் கேட்டான்.

"முகம் எப்படி இருந்துச்சு?"

ஷகீலா தன் முறை வந்து பார்த்தாளே, அந்த நொடிக்குள் மெதுவாகத் திரும்பிப் போனாள். துணியின் மடிப்பு முதலில் வந்தது. பிறகு தாடி.

"தாடியைச் சீவி விட்டிருந்தாங்க. அவருக்குப் பிடிக்காத மாதிரி, நடுவுல வகிடு எடுத்து. வாய் கொஞ்சம் ஒரு பக்கம் இழுத்திருந்துச்சு, ஊசியைப் பல்லுல கடிச்சுக்கினு பேசுவாரே, அப்போ இருக்கற மாதிரி. நெத்தியில சுருக்கமே இல்ல. மூக்குத் தண்டுல கண்ணாடி அழுத்தின பள்ளம் ரெண்டும் அப்படியே இருந்துச்சு."

ஹபீப் கண்ணை மூடிக்கொண்டான். "இன்னும் சொல்லு."

"காது மடல் மெழுகு மாதிரி இருந்துச்சு. ஒரு கண்ணு சரியா மூடல. இடது கண்ணு. வெள்ளை கொஞ்சம் தெரிஞ்சுது."

"இடது இல்ல, வலது" என்றாள் நஸ்ருன்னிசா. "நான்தானே ரெண்டு தடவை அழுத்திப் பார்த்தேன். நிக்கல."

"வலது" என்றாள் ஷகீலா. மேலே சொல்லத் தொடங்கினாள்.